பத்துப் புத்தகங்களில் ஒன்று

அன்புள்ள பட்டாணியின் அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். பட்டாணியும் நலம். நீயும் உன் அப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவருடைய முழங்கால் வலியை நான் விசாரித்ததாகச் சொல்.

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கை கால் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. நான் சொல்லச் சொல்ல, எங்கள் கடையில் பில் எழுதும் அக்கா எழுதுகிறார். கடைக்கு இன்று விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். நான் ஏன் என் கையால் எழுதவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. அதற்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ பட்டாணியை அழைத்துப்போக வருகிறாய். வந்ததும் முதலில் நீ கொடுத்தனுப்பிய புத்தகப் பையைத்தான் திறப்பாய். அதற்கு முன்னால் இது உன் கைக்குக் கிடைத்துவிட வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம்தான். மூன்று நாள் முயற்சி செய்தேன். நீ "சொல்லுங்க" என்றதும் எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது. வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மூன்று நாளும் வெயிலைப் பற்றியே பேசுகிறானே என்று நீயும் நினைத்திருப்பாய்.

விஷயம் இதுதான். பட்டாணி நாலு புத்தகம் முடித்துவிட்டாள் என்று லீவு தொடங்கிய இரண்டாவது வாரம் உனக்குச் சொன்னேன் அல்லவா? அது பொய். தெரிந்து சொன்ன பொய் இல்லை, ஆனாலும் பொய். அன்றைக்கு அவள் நாலு புத்தகத்தில் ஒரு பக்கம்கூடப் படித்திருக்கவில்லை. நான் சொன்னதும் நீ சிரித்தாய். "உங்ககிட்ட வந்தா படிக்கிறாளே" என்றாய். நீ போனபிறகு இந்த நாலு வருஷத்தில் என்னிடம் பேசும்போது நீ சிரித்தது அந்த ஒரு தடவைதான். அன்று பூராவும் எனக்கு வேலை அலுக்கவில்லை. அதைப் போய் இப்போது கெடுக்க வேண்டியிருக்கிறது.

எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். வெயில் காலம் வந்தால் ஊரிலுள்ள ஃபேன்கள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே வாரத்தில் உயிரை விடும். பிள்ளைகளுக்கு லீவு விடுகிற மாதம் எங்களுக்குத் தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. கரிந்துபோன கம்பியை வெட்டி எடுத்து, எத்தனை சுற்று என்று எண்ணி, புதுக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, அதை மாட்டி முடிப்பதற்குள் வாசலில் இன்னும் ஐந்து பேர் ஆளுக்கொரு ஃபேனைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். ஊரே காற்று கேட்டு எங்களிடம் வருகிறது. எங்கள் கடையில் ஓடுவது ஒரே ஒரு ஃபேன், அதுவும் முனகிக்கொண்டே ஓடும்.

அறையில் பட்டாணியைத் தனியாக விட முடியாது. பக்கத்து அறைக்காரர்களும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறார்கள். முதலாளியிடம் கேட்டேன். அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், "மிஷின்கிட்ட மட்டும் வரக்கூடாது" என்றார். அதனால் தினமும் ரொட்டியும் முட்டையும் கட்டிக்கொண்டு எட்டு மணிக்கெல்லாம் இருவரும் மூன்று மாடி இறங்கிவிடுவோம். அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தோம். அவளுக்கு ஸ்டூலைவிட மேசைக்கு அடியில்தான் பிடித்திருந்தது. ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டுக் குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டாள்.

நீ அனுப்பிய பையில் பத்துப் புத்தகமும் ஒரு நோட்டும் இருந்தன. நோட்டில் நீ கட்டம் போட்டிருந்தாய். புத்தகத்தின் பெயர், தொடங்கிய நாள், முடித்த நாள், பிடித்தது என்ன என்று மூன்று வரி, கடைசியில் அப்பா கையெழுத்து. நீ அவளிடம் சொல்லி அனுப்பியதை அவள் எனக்கு அப்படியே ஒப்பித்தாள். பிறகு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். அவள் படித்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். பக்கம் திருப்புவாள், விரலை வைப்பாள், சிரிப்பாள், மறுபடி பக்கம் திருப்புவாள். இரண்டு நாளைக்கு ஒரு முறை நோட்டைக் கொண்டுவந்து நீட்டுவாள். அச்சில் வார்த்தது போல எழுத்து. நான் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவேன். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். யார் பெண் என்று நினைத்தீர்கள் என்றுகூடச் சொன்னேன்.

ஒரு மத்தியானம் அக்கா சும்மா அந்த நோட்டைப் புரட்டினார். புரட்டியவர் சத்தமாகப் படித்தார். "இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது: இரண்டாம் பதிப்பு. அட்டைப்படம், வடிவமைப்பு பதிப்பகத்தார். இந்நூலின் எந்தப் பகுதியையும் அனுமதியின்றி எடுத்தாளக் கூடாது." நாலு புத்தகத்துக்கும் அதே கதைதான். நாலாவதில் அச்சகத்தின் முகவரியும் இருந்தது. முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவும் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே என் கையெழுத்து இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்று உன்னிடம் மறைக்கப் போவதில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்லித் தருகிறவள் வயிற்றில் இப்படி ஒரு சோம்பேறியா என்றேன். மக்கு என்றேன். கடையில் மூன்று வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில் சொன்னேன். அந்த மக்கு என்ற வார்த்தையை நான் இன்னொரு பிள்ளையைப் பார்த்துச் சொல்வேன் என்று நினைத்ததே இல்லை. அவள் அழவில்லை. மேசைக்கு அடியில் போய், திருகாணிகள் கலந்து கிடக்கும் தட்டு ஒன்று இருக்கிறது, அதை இழுத்து வைத்துக்கொண்டு அளவு வாரியாகப் பிரிக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் வரை பிரித்தாள். அந்தத் தட்டை ஆறு வருஷமாக நாங்கள் யாரும் தொட்டதில்லை.

இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள்தான் அந்தச் சீட்டு விஷயம் நடந்தது.

பழுதுக்கு வரும் ஒவ்வொரு ஃபேனிலும் என்ன கோளாறு என்று எழுதி ஒரு சீட்டுக் கட்டியிருப்பார்கள். அன்று அக்கா சாப்பிடப் போயிருந்தார். ஒரு மேசை ஃபேன் புதிதாக வந்திருந்தது. அதற்கு என்ன என்று பார்க்கும்படி முதலாளி உள்ளேயிருந்து கத்தினார். நான் சீட்டை அவிழ்த்துப் பட்டாணியிடம் நீட்டி, "என் கையெல்லாம் வார்னிஷ், நீ படிச்சுச் சொல்லு" என்றேன். அவள் சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "என் கையும் ஒட்டுதுப்பா, நீங்களே படிங்க" என்றாள்.

படிப்பதற்குக் கை எதற்கு? சீட்டைப் பிடித்திருந்தது நான். அவள் கண்ணால் பார்த்தால் போதும். எனக்கும் கண்ணால் பார்த்தால் போதும். அந்தச் சீட்டை நடுவில் வைத்துக்கொண்டு அப்பனும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் முதலாளியே வந்து அதைப் பிடுங்கி, சத்தம் வருகிறதாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். நீ கெட்டிக்காரி. ஆனாலும் நான் என் வாயால் சொல்லிவிடுகிறேன். எனக்குப் படிக்க வராது. எழுத்து தெரியாமல் இல்லை. தனித்தனியாகக் காட்டினால் எல்லா எழுத்தையும் சொல்வேன். வரிசையாக வந்து நின்றால்தான் வினை. பின்னால் நிற்பது முன்னால் வரும், மேல் வரி கீழே இறங்கும். ஒரு வார்த்தையைப் பிடிப்பதற்குள் போன வார்த்தை நழுவிவிடும். ஏழு வயதில் மக்கு என்று சொல்லிப் பலகைக்கு முன்னால் நிறுத்தி வைத்தார்கள். எட்டாம் வகுப்போடு நானே நின்றுவிட்டேன். கம்பி சுற்றும்போது எனக்கு அந்தத் தொந்தரவு இல்லை. ஒரு மோட்டாரைப் பிரித்தால், எந்தக் கம்பி எங்கே போயிற்று என்று ஒரு வாரம் கழித்தும் சொல்வேன். அதனால் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

உன்னோடு இருந்த ஏழு வருஷத்தையும் யோசித்துப் பார். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், என் கையெல்லாம் வார்னிஷ், நீயே படி என்பேன். பட்டாணியைப் பள்ளியில் சேர்க்கும் படிவத்தை நிரப்பச் சொன்னபோது பேனா எழுதவில்லை என்று கடைக்குப் போய் இரண்டு மணி நேரம் கழித்து வந்தேன். அதற்கு நீ அழுதாய். பிள்ளை விஷயத்தில்கூட அக்கறை இல்லையா என்றாய். அப்போதும் நான் பேனாவைத்தான் குறை சொன்னேன். இப்போதும் நீ போனில் ஐந்து வரி, பத்து வரி எழுதி அனுப்புகிறாய். நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கிறேன். திமிர் என்று நினைத்திருப்பாய். அது கைநாட்டு அம்மா, வேறொன்றும் இல்லை.

இதை ஒளித்து வைப்பதே ஒரு முழுநேர வேலை. எந்தக் கடைப் பலகையில் என்ன படம், எந்தப் பேருந்துக்கு என்ன நிறம், யாரிடம் எப்படிக் கேட்டால் சந்தேகம் வராது என்று காலையில் எழுந்ததிலிருந்து கணக்குப் போட வேண்டும். மோட்டார் கட்டுவது எனக்குக் களைப்பில்லை. இதுதான் களைப்பு. பட்டாணியும் ஒன்பது வயதிலேயே அந்த வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று அந்தச் சீட்டைப் பார்த்து நின்றபோது தெரிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஏறும்போது, இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் எப்போதும் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில், நானும் படியில் உட்கார்ந்துகொண்டேன். எழுத்து உன்னை என்ன செய்கிறது என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு, "கீழ் வரி மேல ஏறி வருதுப்பா" என்றாள். எனக்கும் அப்படித்தான் என்றேன். அவள் நம்பவில்லை. எந்த எழுத்து ரொம்ப மோசம் என்று பரீட்சை வைத்தாள். நான் சொன்னதும்தான் நம்பினாள். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். ஏன் சொல்லவில்லை என்றாள். அம்மா படித்தவள், என்னைப் பற்றி என்ன நினைப்பாளோ என்று இருந்தது என்றேன். "நானும் அதான்பா சொல்லல" என்றாள்.

அவள் எப்படி உன்னிடமிருந்து தப்பித்தாள் என்று கேட்டேன். நீ பாடத்தைச் சத்தமாக ஒரு தடவை சொன்னால் போதுமாம், மனப்பாடம் ஆகிவிடுமாம். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லிவிடுவாளாம். உன் வேலை பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு. சின்னப் பிள்ளை புத்தகத்தைப் பார்க்கிறதா, பார்ப்பது போல இருக்கிறதா என்று நீ எங்கே கண்டாய்? உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவளுக்கு ஞாபகசக்தி அப்படி. அது மட்டும் உன்னிடமிருந்து வந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. வேலை நின்றது. அவ்வளவு புழுக்கம். அக்கா உன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து முதலில் விசிறிக்கொண்டார். பிறகு தனக்குத்தானே படிப்பது போல வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

இங்கே அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எழுத மாட்டேன் என்கிறார், நான் விடவில்லை. ஒன்பது வருஷமாக எந்தச் சீட்டு வந்தாலும் அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டேதான் பில் எழுதுவார். அவருக்கு அப்படி ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தேன். இந்தக் கடிதத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டபோதுதான், "எனக்கு முதல் வாரமே தெரியும் தம்பி" என்றார். ஒன்பது வருஷம் என் காதில் விழுவதற்காகப் படித்திருக்கிறார். என்னிடமும் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் புத்தகம் ஒரு கப்பல் சமையல்காரனையும் அவன் வளர்க்கும் ஆட்டையும் பற்றியது. ஆடு கப்பல் தலைவனுடைய வரைபடத்தைத் தின்றுவிடுகிறது. சுற்றிலும் பனிமூட்டம். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. ஆட்டை வெட்டிச் சமைத்துவிடு, கத்தியைத் தீட்டு என்று தலைவன் உத்தரவு போட்டுவிட்டான். சமையல்காரன் கத்தியைக் கையில் எடுக்கிறான். அந்த இடத்தில் கரண்ட் வந்துவிட்டது. முதலாளி கைதட்டினார், எல்லோரும் எழுந்தோம். அன்று நான் சுற்றிய சுற்றெல்லாம் கணக்குத் தப்பித் தப்பி மறுபடி எண்ண வேண்டியிருந்தது. ஆடு என்ன ஆகுமோ என்றிருந்தது. எனக்கு நாற்பது வயது.

மறுநாள் அக்கா வரவில்லை. அவருடைய தங்கைக்கு ஆபரேஷன் என்று அவசரமாகக் கிளம்பிப் போயிருந்தார். திரும்ப ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். புத்தகம் மேசைமேல் இருந்தது. பட்டாணி அதைத் திறந்து படத்தை மட்டும் பார்த்தாள். படத்தில் சமையல்காரன் கத்தியோடு நின்றான், ஆடு அவன் சட்டைப் பித்தானைத் தின்றுகொண்டிருந்தது. அதற்குமேல் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதலாளியைப் படிக்கச் சொல்லலாமா என்றாள். கேட்டுப் பார்த்தோம். ஆடு செத்திருக்கும், போய் வேலையைப் பார் என்றார்.

சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தோம். சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம். முதல் நாள் இரண்டு வரிதான் நடந்தது, அதுவும் தப்பு. மோட்டாரின் பள்ளங்களுக்குள் வைக்கும் தடித்த காகிதம் ஒன்று எங்களிடம் உண்டு. மறுநாள் அதில் ஒரு துண்டை வெட்டி, நடுவில் ஒரு வரி அகலத்துக்கு நீளமாக ஒரு ஓட்டை போட்டேன். அதைப் பக்கத்தின்மேல் வைத்தால் ஒரே ஒரு வரி மட்டும் தெரியும். மேல் வரியும் கீழ் வரியும் வந்து தொந்தரவு செய்ய வழியில்லை. அவள் அட்டையை நகர்த்துவாள், நான் கம்பி முனையால் எழுத்தைத் தொடுவேன். இருவரும் சேர்ந்து இழுப்போம். ஒரு வார்த்தை வந்ததும் அதை விடாமல் அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள், நான் அடுத்ததைப் பிடிப்பேன்.

கொம்பு வந்தால்தான் சண்டை. கொம்பு முன்னால் நிற்கிறது, சத்தம் பின்னால் வருகிறது, யாருப்பா இப்படி வச்சது என்றாள். இதில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வேறு. ஆட்டுக்குக் கொம்பு இருந்தால் சரி, எழுத்துக்கு எதற்கு என்று கேட்டு அவளே சிரித்துக்கொண்டாள். எழுத்தைப் பார்த்து அவள் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. நானும் என் வாழ்நாளில் எழுத்தைப் பார்த்துச் சிரித்ததில்லை.

மூன்றாம் நாள் அரைப் பக்கம். ஐந்தாம் நாள் ஒன்றரைப் பக்கம். நடுவில் ஒரு நாள் அவளுக்குத் தலைவலி வந்து புத்தகத்தை விட்டெறிந்தாள். நானும் எடுக்கச் சொல்லவில்லை, எனக்கும் தலைவலி. மறுநாள் அவளே எடுத்து வந்தாள். இந்த நினைப்பிலேயே நான் ஒரு சீலிங் ஃபேனைத் தலைகீழாகக் கட்டிக் கொடுத்துவிட்டேன். காற்றெல்லாம் கூரைக்குத்தான் போகிறது என்று அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் ஒருவர். முதலாளி அரை நாள் திட்டினார். பட்டாணி மேசைக்கு அடியிலிருந்து, "பரவாயில்லப்பா, எல்லாருக்கும் தப்பு வரும்" என்றாள். மக்கு என்று அவளைச் சொன்ன வாய் இது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். சரி என்றாள். மறந்துவிட்டாளா, மறந்தது போல இருக்கிறாளா என்று தெரியவில்லை.

எட்டாம் நாள் கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். அன்று எனக்கு ஒரு பம்பு மோட்டார் அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது. அவள் தனியாகவே அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். மேசைக்கு அடியில் அட்டை வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு, "கத்தி... தே... தேய்ந்து... போயிற்று" என்று குரல் வந்தது. அப்புறம் சிரிப்பு. என்ன விஷயம் என்றால், அந்தச் சமையல்காரன் ஆட்டை வெட்ட மனமில்லாமல் கத்தியைத் தீட்டுகிறான், தீட்டுகிறான், இன்னும் கூர் வரவில்லை என்று சொல்லிச் சொல்லி மூன்று நாள் தீட்டுகிறான். கடைசியில் கத்தியே தேய்ந்து பிடி மட்டும் மிஞ்சுகிறது. அதற்குள் பனி விலகிக் கரை தெரிந்துவிடுகிறது. பட்டாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாள். முதலாளி எட்டிப் பார்த்து, ஆடு பிழைத்ததா என்று கேட்டார். நான் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். கண்ணில் வார்னிஷ் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

அக்கா திரும்பி வந்ததும் முதல் வேலையாக அவரை உட்காரவைத்து அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினாள். மூன்று இடத்தில் தப்பு. அக்கா திருத்தவில்லை. (இங்கே அக்கா பேனாவை வைத்துவிட்டு மூக்கைச் சிந்துகிறார். அதையும் எழுதுங்கள் என்றேன்.)

அவ்வளவுதான். ஒரு லீவு முழுதும் ஒரு புத்தகம், அதிலும் பாதி அக்கா படித்தது. மற்ற ஒன்பதும் படிக்காமல் பையில்தான் இருக்கின்றன. அவள் தேறிவிட்டாள் என்று நினைத்துவிடாதே. நேற்றுகூட ஒரு வார்த்தைக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ஆனால் அதே ஆட்டைப் பற்றி வேறு புத்தகம் உண்டா என்று கேட்கிறாள். உண்டா என்று நீ விசாரி. நோட்டில் முதல் நாலு பக்கத்தையும் நான் கிழிக்கவில்லை. ஐந்தாம் பக்கத்தில் அவளே எழுதியிருக்கிறாள். எழுத்து கோணலாக இருக்கும், அச்சில் வார்த்தது போல இருக்காது. அதுதான் நிஜமாக அவள் எழுதியது.

இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே ஆள் இருக்கிறார்களாம். அக்காவின் தங்கை படுத்திருந்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொன்னாராம். கண்ணில் கோளாறு இல்லை, மூளையிலும் கோளாறு இல்லை, வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்தால் வரும் என்றாராம். உன் ஊரில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று உனக்குத்தான் தெரியும். அவளைக் கூட்டிப்போ. நானும் லீவு போட்டுவிட்டு வருகிறேன். யாரிடமிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன். அதுவரை வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று அவளுடைய டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவை. அவள் மனப்பாடமாக ஒப்பித்தால் கோபப்படாதே. அடிக்க மாட்டாய், தெரியும். ஆனால் நீ கோபப்படும்போது பேசாமல் இருப்பாயே, அதைவிட அடி பரவாயில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் கடிதத்தை மடிக்க முடியாது.

நீ போன அன்றைக்கு மேசைமேல் நாலு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போனாய். எல்லாம் எழுதியிருக்கிறேன், படிச்சுட்டுப் பதில் எழுதுங்க, போதும் என்று வாசலில் நின்று சொன்னாய். நான் பதில் எழுதவில்லை. ஆறு மாதம் காத்திருந்ததாக உன் அப்பா பிறகு ஒரு நாள் சொன்னார். அந்த நாலு பக்கத்தை நான் இன்னும் படிக்கவில்லை. எத்தனையோ தடவை பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் எழுத்து ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு ஓடும், என்னால் அதன் பின்னால் ஓட முடியவில்லை. பட்டாணியின் அட்டையை அதன்மேலும் வைத்துப் பார்த்தேன். என் பெயர் வந்தது. அடுத்து இரண்டு வார்த்தை வந்தது. அதோடு நின்றுவிட்டேன். தான் படித்துக் காட்டவா என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். அது நீ எனக்கு எழுதியது. இன்னொருவர் வாயால் கேட்க மனம் வரவில்லை. அதில் என்ன எழுதியிருந்தாலும் எனக்குத் தெரியாமல்தான் நாலு வருஷமும் போயிருக்கிறது. தெரிந்து கல்லாக இருந்தேன் என்று மட்டும் நினைக்காதே.

ஞாயிற்றுக்கிழமை வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டிக்கு ஓடிவிடாதே. சாயங்காலமும் ஒரு வண்டி உண்டு. அறையில் உன் நாற்காலியைச் சரி செய்து வைத்திருக்கிறேன், இப்போது ஆடாது. நம் வீட்டில் நீ விடைத்தாள் திருத்தும்போது, பிள்ளைகள் எழுதியதை வாய்விட்டு வாசித்துக்கொண்டே திருத்துவாய். எந்த ராஜா எந்த ராஜாவோடு சண்டை போட்டான் என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். நான் அடுப்படியில் பாத்திரத்தைக் கழுவுவது போல நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவேன். உனக்குத் தெரியாது.

வந்து அவளுக்கு ஒரு புத்தகம் வாசித்துக் காட்டு. எதுவானாலும் சரி, மெதுவாக வாசி, நிறைய நேரம் வாசி. நான் பக்கத்திலேயே இருப்பேன். அவளுக்கு முடித்த பிறகு, உனக்கு மனமிருந்தால் அந்த நாலு பக்கத்தையும் வாசி. மனமில்லை என்றால் நான் கேட்க மாட்டேன்.

நீ நல்லா இருக்கணும். நம் பிள்ளை நல்லா இருக்கணும். வெயிலில் வராதே, குடை எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
பட்டாணியின் அப்பா